புனையாமைபோல் புனைதல்: மணமகள் ஒப்பனை மரபும் மைசூருச் சூழலும்

முன்னுரை

மணநாளில் பெண்ணை ஒப்பனை செய்வது தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அன்றாட வாழ்வில் முகத்திற்கு மஞ்சளும் நெற்றிக்குப் பொட்டும் தவிர வேறெதுவும் அறியாத பெண்ணும் மணமேடைக்குப் புனைவின்றி வருவதில்லை. அண்மைக் காலத்தில், ‘ஒப்பனை செய்ததே தெரியக்கூடாது’ என்னும் விருப்பம் மணமகளிரிடையே பரவி வருகின்றது. ஒப்பனைக் கலைஞர்கள் இதனை ‘இயற்கை ஒப்பனை’ என வழங்குகின்றனர். சென்னை, கோவை போன்ற நகரங்களில் மட்டுமன்றி, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மைசூருவிலும் இவ்விருப்பத்தைக் காணமுடிகின்றது.

இது மேலைநாட்டு நாகரிகத்தின் வரவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயின் தமிழ் இலக்கியச் சான்றுகளை நோக்கும்போது, புனைவு வேண்டும், அப்புனைவு உடலின் இயல்பை மறைத்தலாகாது என்னும் இரட்டை விருப்பம் மிகப் பழமையானது என்பது புலனாகின்றது. அவ்விருப்பத்தின் வரலாற்றை இலக்கியத்தின் வழியாகவும், சந்தனத்தாலும் மல்லிகையாலும் பெயர்பெற்ற மைசூருவின் வழியாகவும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க மணப்பாடல்களில் புனைவு

சங்க இலக்கியத்தில் திருமண நிகழ்ச்சியை விரிவாகக் காட்டுவன அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்களாகும். நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாடலில், இருள் நீங்கிய விடியற்பொழுதில், மணல் பரப்பிய பந்தரில், மகப்பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். நீரோடு சொரியப்பட்ட பூவிதழ்களும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கி விளங்குகின்றன. புத்தாடை அவளைப் போர்த்தியிருக்கின்றது. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136-ஆம் பாடலில் வாகையிலையும் அறுகின் முகையும் கூட்டிய வெண்ணூல் அவளுக்குச் சூட்டப்படுகின்றது; தூய உடையும் அணிகலனும் அவளைப் பொலிவிக்கின்றன. அணிகளின் மிகுதியால் தோன்றிய வியர்வையைச் சுற்றத்தார் ஆற்றுகின்றனர்.

இவ்விரு பாடல்களிலும் மணமகளின் முகத்திற்கு வண்ணம் பூசியதாகக் குறிப்பு இல்லை என்பது கருதத்தக்கது. நீர், பூ, நெல், நூல், உடை, அணி ஆகியவையே மணக்கோலத்தின் கூறுகளாக அமைகின்றன. முகம் நீராடிய முகமாகவே உள்ளது. வியர்வை பற்றிய குறிப்பு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. பந்தரின் வெம்மையும் கூட்டத்தின் நெருக்கமும் மணமகளின் உடலைத் தாக்குவதைப் புலவர் கண்டிருக்கின்றார். இன்றைய ஒப்பனைக் கலைஞர் எதிர்கொள்ளும் முதற்சிக்கலும் இவ்வியர்வையேயாகும்.

சங்க காலத்தில் வண்ணப் புனைவே இல்லை என்று இதனால் கொள்ளுதல் பொருந்தாது. கண்ணுக்கு மையும், நுதலுக்குத் திலகமும், தோளிலும் மார்பிலும் எழுதப்படும் தொய்யிலும் அகப்பாடல்களில் பலவிடங்களில் பயின்று வருகின்றன. தொல்காப்பியக் களவியலும் எதிர்ப்பட்டவள் மானுட மகளே எனத் தலைவன் தெளிவதற்குரிய அடையாளங்களுள் அணிகலனையும் வள்ளியையும் பூவையும் எண்ணுகின்றது. வள்ளி என்பதற்குத் தொய்யிற்கொடி என உரை காண்பர். எனினும் இவற்றுள் எதுவும் தோலின் நிறத்தை மாற்றும் புனைவு அன்று. தொய்யில் தோலின்மேல் எழுதப்படும் கோலமேயாகும். தோலின் நிறம் இருந்தால்தான் அக்கோலம் தெரியும்.

மாமையும் பசலையும்

பெண்ணின் மேனி நிறத்தைச் சங்க இலக்கியம் ‘மாமை’ என்னும் சொல்லால் குறிக்கின்றது. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுவர். கருமை என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இளந்தளிருக்குரிய பழுப்பும் செம்மையும் கலந்த அந்நிறமே பெண்ணழகின் அடையாளமாகப் போற்றப்பட்டது.

மாமைக்கு எதிரானது பசலை. பிரிவால் மேனி வெளிறுவதையே புலவர்கள் பசலை என்றனர். வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலில் (27), தனக்கும் உதவாது தலைவனுக்கும் பயன்படாது தன் மாமையழகைப் பசலை உண்ணுகின்றது எனத் தலைவி வருந்துகின்றாள். அவ்விலக்கிய உலகில் நிறம் வெளிறுதல் அழகின் அழிவாகும், நோயின் குறியுமாகும். தலைவன் மீண்டு வரும்போது மாமையும் மீண்டு வருகின்றது. எனவே, மணம் என்பது பெண் தன் இயல்பான நிறத்தோடு விளங்கும் நிலையாகக் கருதப்பட்டது எனலாம்.

மணமகளின் முகத்தை அவள் நிறத்தினும் பல படிகள் வெளிறச் செய்யும் பிற்கால ஒப்பனையை இச்சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இடைப்பட்ட காலத்தில் மதிப்பீடு முற்றிலும் தலைகீழானதை உணரலாம். சங்கத் தலைவி எதனை நோயென்று அஞ்சினாளோ, அதனையே பிற்கால மணமகள் மணக்கோலமாக ஏற்கவேண்டியவள் ஆனாள்.

சிலப்பதிகாரத்தில் புனைவின் மூன்று நிலைகள்

புனைவு பற்றிய தமிழ்ச் சிந்தனையை ஆழமாகக் காட்டும் நூல் சிலப்பதிகாரமாகும். அதில் மூன்று நிலைகள் உள்ளன.

முதல் நிலை மனையறம்படுத்த காதையில் அமைந்துள்ளது. பன்னிரண்டு அகவையினளாய் மணம்புரிந்த கண்ணகியைக் கோவலன் பாராட்டுகின்றான். மங்கல அணி இருக்கப் பிற அணிகளை ஏன் அணிவித்தனர், கூந்தலுக்குச் சில மலர்கள் போதாவோ, அகிற்புகை இருக்கக் கத்தூரிச் சாந்து எதற்கு, தொய்யில் இருக்க முத்துவடம் எதற்கு என அடுக்கி வினவுகின்றான். புனைவுடையோர் செய்தது மிகை என்பது அவன் கருத்து. இன்று மணமகளிர் சொல்லும் ‘அளவோடு போதும்’ என்னும் கருத்தின் மிகப் பழைய வடிவம் இதுவெனலாம். கோவலன் புனைவை முற்றும் விலக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சின்மலர், நறும்புகை, தொய்யில் ஆகியவற்றை அவன் ஏற்கின்றான். அளவு மிகுவதையே மறுக்கின்றான்.

இரண்டாம் நிலை அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் வருகின்றது. கோவலன் பிரிந்தபின் கண்ணகியின் கண்கள் மையை மறந்தன. நுதல் திலகத்தை இழந்தது. கூந்தல் நெய்யணியை மறந்தது. அடிகள் சிலம்பை நீங்கின. மங்கல அணியைத் தவிர வேறோர் அணியையும் அவள் விரும்பவில்லை. முன்பு கணவன் காதலால் ‘மங்கல அணியே போதும்’ என்றான். இப்போது அதுவே அவளுடைய துயரத்தின் கோலமாகிவிட்டது. இளங்கோவடிகள் ஒரே புனையாமையை இரண்டு காதைகளில் வைத்து இருவேறு பொருள்படச் செய்துள்ளார்.

மூன்றாம் நிலை கடலாடு காதையிலுள்ள மாதவியின் ஒப்பனையாகும். பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தலை நனைத்து, புகையூட்டி, அடி முதல் முடி வரை அணிகிறாள். அடியார்க்குநல்லார் இப்பொருள்களைத் தம் உரையில் விரித்துரைத்துள்ளார். உ.வே. சாமிநாதையர் 1892-இல் வெளியிட்ட பதிப்பின் வழியே இவ்வுரை தமிழுலகிற்குப் பரவலாகக் கிடைத்தது. இவ்விரிவான புனைவு ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்கும் பொருட்டு நிகழ்வது.

இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே வைத்து நோக்கின், மணமகள் ஒப்பனையின் அடிப்படைச் சிக்கல் விளங்கும். புனைவு முற்றும் இல்லையெனின் அது பிரிவின் கோலமாகின்றது. நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்த அரசியை நக்கீரர் வண்ணம் தீட்டப்பெறாத ஓவியத்திற்கு ஒப்பிடுவதும் இக்கருத்தினதே. புனைவு மிகின் அவளுடைய இயல்பு மறைகின்றது. ஆகவே மங்கலம் தோன்றவும் வேண்டும், அவள் அவளாகவே தோன்றவும் வேண்டும். ‘புனையாமைபோல் புனைதல்’ என்னும் நெறி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாகும். கம்பரும் பாலகாண்டத்துக் கோலங்காண் படலத்தில் சீதைக்குச் செய்யப்பெற்ற மணக்கோலத்தை அமுதத்திற்குச் சுவையூட்டிய செயலோடு ஒப்பிடுகின்றார். அமுதத்திற்குச் சுவை தேவையில்லை. ஆயினும் தோழியர் கோலம் செய்யாமல் இருக்கவில்லை.

ஆண்டாள் கனவும் மைசூருத் தமிழரும்

மைசூருப் பகுதிக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு நெடியது. கங்கபாடி சோழராட்சியில் முடிகொண்ட சோழமண்டலம் எனப் பெயர்பெற்றது. இப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. இராமாநுசர் தங்கியிருந்த மேலுக்கோட்டை வைணவத் தமிழின் நிலைக்களனாக விளங்கிவருகின்றது. மண்டயம், ஹெப்பார் பிரிவினரான ஐயங்கார் குடும்பங்கள் கன்னடம் கலந்த தமிழை இன்றும் வீட்டுமொழியாகக் கொண்டுள்ளன.

வைணவக் குடும்பத் திருமணங்களில் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலுள்ள ‘வாரணமாயிரம்’ பதிகம் ஓதப்பெறுகின்றது. கனவில் தான் கண்ட திருமணத்தை ஆண்டாள் தோழிக்கு உரைக்கும் அப்பதிகத்தில் மணக்கோடியும் மணமாலையும் காப்புநாணும் இடம்பெறுகின்றன. உடலில் பூசப்படுவனவாகக் கூறப்படுவன குங்குமமும் குளிர்ந்த சந்தனமும் மட்டுமே. அவற்றைப் பூசியபின் யானைமேல் வலம்வந்து மணநீராட்டும் நிகழ்கின்றது. ஆண்டாளின் மணக்கோலம் மிக எளிமையானது. அப்பதிகத்தை மணவீட்டில் கேட்கும் பெண், தனக்கு இடப்படும் பூச்சின் அடர்த்தியை எண்ணிப் பார்ப்பதற்கு இது நல்ல வாய்ப்பாகும்.

கன்னடர் மணவீடுகளில் மஞ்சள் ‘அரிசின’ எனப்படும். மணப்பெண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசி நீராட்டும் சடங்கு அங்கும் உண்டு. தமிழர் நலங்கிலும் மஞ்சளே முதன்மை பெறுகின்றது. மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேரும்போது நிறம் சிவப்பாக மாறுகின்றது. மரபான குங்குமம் இவ்வகையில் மஞ்சளிலிருந்தே பிறந்தது. முகத்திற்கு மஞ்சள், நெற்றிக்குக் குங்குமம் என்னும் இரண்டும் ஒரே கிழங்கின் இரு நிறங்களாதலின் ஒன்றோடொன்று இயைந்து தோன்றின.

மைசூரு மணமகள்: ஓர் ஓவியச் சான்று

மைசூரு அரண்மனையில் மணமகளாக வந்த ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டுவதாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று உள்ளது. அயர்லாந்தில் பிறந்த தாமஸ் ஹிக்கி 1805-ஆம் ஆண்டளவில் தீட்டிய அவ்வோவியத்தில் மூன்று பெண்கள் உள்ளனர். 2007-இல் அது ஏலத்திற்கு வந்தபோது, அவர்கள் மைசூரு அரசகுடும்பத்துப் பெண்கள் என்றும், அவருள் ஒருவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மணக்க வந்த தேவாஜம்மணி என்றும் வரலாற்றறிஞர் நைஜல் சான்சலர் கருத்துரைத்தமை அறியப்பட்டது. அப்போது மணமகளுக்கு அகவை பன்னிரண்டு என்பர்.

அவ்விளம்பெண் தன் சேலையை ஒதுக்கிப் புயத்தில் பெரியம்மைத் தடுப்பூசி இட்ட இடத்தைக் காட்டுகின்றாள் என்பது சான்சலர் கருத்து. மற்றொரு பெண்ணின் மூக்கையும் வாயையும் சுற்றித் தோலின் நிறம் மாறியுள்ளது. அது தடுப்பூசிக்கு முற்பட்ட அம்மைகுத்தல் முறையின் தழும்பு எனக் கொள்வர். பெரியம்மை பரவியிருந்த காலத்தில் மணப்பெண்ணின் முகத்தில் வடு இல்லாமையே பெரும்பேறாகும். இவ்விளக்கத்தை ஏற்பின், ஓவியர் நிறமாற்றத்தை மறைக்காமல் தீட்டியதற்குக் காரணம் விளங்கும். மறைக்க வேண்டிய குறையாக அன்றி, காட்ட வேண்டிய சான்றாக அது நின்றது. கண்ணகியைப் போலவே பன்னிரண்டு அகவையில் மணமேடைக்கு வந்த பெண்ணின் தோல், அரசின் நலத்திட்டத்திற்கு விளம்பரமாகவும் அமைந்தது.

சந்தனமும் மல்லிகையும்

1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அரசுரிமை பின்னரும் தொடர்ந்தது. 2001-இல் சட்டத்திருத்தம் செய்யப்பட்ட பின்னரே கருநாடகத்தில் நிலவுடைமையாளர் தம் நிலத்துச் சந்தன மரத்திற்கு உரிமையாளராயினர். முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவிற்குச் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட்டமையால், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், திவான் மோ. விசுவேசுவரய்யாவின் காலத்தில், எண்ணெயை உள்நாட்டிலேயே வடிக்கும் முயற்சி தொடங்கிற்று. பெங்களூரு இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த சட்பரோ, வாட்சன் ஆகியோர் வடிப்பு ஆய்வில் ஈடுபட்டனர். 1916-இல் பெங்களூருவிலும் 1917-இல் மைசூருவிலும் சந்தன எண்ணெய் ஆலைகள் அமைந்தன. அரசு சோப்புத் தொழிற்சாலையின் ‘மைசூர் சாண்டல்’ சோப்பு அதன் பயனாக வெளிவந்தது.

மணமகள் ஒப்பனையின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க மாற்றமாகும். அரைத்துப் பூசிய சந்தனம் உடலின்மேல் தங்கிக் கண்ணுக்குத் தெரிந்தது. சோப்பிலுள்ள சந்தனமோ கழுவப்பட்டு மறைந்து மணத்தை மட்டும் எஞ்சவிட்டது. பூசியது தெரியாமல் அதன் பயன் மட்டும் தெரியவேண்டும் என்னும் இன்றைய எதிர்பார்ப்பு ஒருவகையில் இங்கேயே தொடங்கிவிட்டது. செல்வர் வீட்டு மணத்தில் மட்டும் பெருகிய சந்தன மணம் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் எட்டியது.

மைசூரு மல்லிகையும் மைசூருப் பட்டும் சந்தன எண்ணெயும் புவிசார் குறியீடு பெற்றவையாகும். கே.எஸ். நரசிம்மசுவாமியின் இல்லறக் காதற் கவிதைத் தொகுதி 1942-இல் ‘மைசூரு மல்லிகெ’ என்னும் பெயரிலேயே வெளிவந்தது. முகப்பூச்சு மிகாத மணமகளுக்குப் பூவும் பட்டும் மணமும் பெரும்பகுதி அழகைத் தந்துவிடுகின்றன என்பதை இவ்வூரின் மணக்கோலம் உணர்த்துகின்றது.

ஒளியும் பூச்சும்

பூச்சு அடர்ந்தமைக்கு ஒளியும் ஒரு காரணமாகும். அகல்விளக்கின் மஞ்சள் ஒளியில் மஞ்சள் பூசிய முகம் இயல்பாகப் பொலிந்தது. சிவசமுத்திரத்தில் 1902-இல் நீர்மின்னாக்கம் தொடங்கி, 1905-இல் பெங்களூரு மின்விளக்குகளைப் பெற்றது. மைசூருவும் பின்னர் அவ்வொளியைப் பெற்றது. ஒளி மாறியபோது முகத்தைக் காணும் கண்ணும் மாறியது.

திரைப்படம் இதனை மேலும் மாற்றிற்று. மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் வண்ணத் திரைப்படத்திற்கென 1930-களின் பிற்பகுதியில் ‘பேன்கேக்’ என்னும் பூச்சை அறிமுகப்படுத்தியது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய அசோகமித்திரன், அங்குப் பேன்கேக் ஏராளமாக வாங்கப்பட்டதையும், இயல்பான தோற்றமுடையவர்கள் அப்பூச்சினால் அச்சமூட்டும் உருவங்களாக மாறியதையும் தம் நினைவுக்குறிப்பில் அங்கதத்தோடு எழுதியுள்ளார். கடும் விளக்குகளுக்கும் படச்சுருளுக்கும் ஏற்ற பூச்சு அது. நேரில் காண்பவருக்காக அமைந்ததன்று. ஆயினும் திருமணங்களில் புகைப்படமும், பின்னர் ஒளிப்பதிவும் இன்றியமையாதன ஆனபோது, படப்பிடிப்புக்குரிய ஒப்பனை மணமேடைக்கும் வந்துசேர்ந்தது. மணமகள் எதிரே அமர்ந்திருக்கும் சுற்றத்தாருக்காக அன்றிக் கருவிக்காகப் புனையப்பட்டாள்.

இன்றைய கருவிகள் மிக நுண்மையானவை. தோலின் துளையையும் பூச்சின் வெடிப்பையும் அவை ஒருங்கே காட்டிவிடுகின்றன. ஒருகாலத்தில் அடர்பூச்சை வேண்டிய கருவியே இன்று மென்பூச்சை வேண்டுகின்றது. இயற்கை ஒப்பனையின் மீள்வரவிற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நிறத்தின் வணிகம்

1952-இல் டாட்டா நிறுவனம் லாக்மே ஒப்பனைப் பொருள்களைத் தொடங்கியது. இறக்குமதிப் பொருளுக்குச் செலவாகும் அந்நியச் செலாவணியைக் குறைத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு வெண்ணிறத்தையே அழகாக விளம்பரப்படுத்தியது. அதன் விளம்பரங்களில் திருமணம் அடிக்கடி இடம்பெற்றது. கடும் எதிர்ப்பிற்குப்பின் 2020-இல் அதன் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. அதற்கு முன்னரே, 2009-இல் சென்னையிலிருந்து ‘கருமையும் அழகே’ என்னும் கருத்தை முன்வைத்த இயக்கம் எழுந்தது. மாமையைப் போற்றிய மொழியில், மணமகள் தேவை விளம்பரங்கள் ‘சிவந்த நிறம்’ கேட்டுவந்தமை எண்ணத்தக்கது. பெண்ணின் நிறத்தைக் குறையெனக் கருதும் வீட்டில் அடர்பூச்சு அக்குறையை மறைக்கும் கருவியாகிவிடுகின்றது. மணநாள் முடிந்து முகம் கழுவும் பெண், தன் முகமே தனக்குக் குறையென உணரும்படி ஆகின்றாள்.

இன்றைய ஒப்பனை நெறி

இயற்கை ஒப்பனையின் நடைமுறைகள் மேற்கண்ட வரலாற்றோடு இயைந்து நிற்கின்றன. அடிப்பூச்சின் நிறத்தைக் கையில் அன்றித் தாடையோரத்தில், பகலொளியில் பொருத்திப் பார்ப்பது முதல் விதியாகும். முகமும் கழுத்தும் ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். முகம் முழுதும் பூசுவதைவிட, கண்ணின் கீழ்க் கருமையும் வடுவும் உள்ள இடங்களில் மட்டும் மெல்லப் பூசுதல் தோலின் இயல்பைக் காக்கும். உதட்டிற்கு அதன் இயல்பான நிறத்தினும் ஓரிரு படி அடர்ந்த வண்ணமே பொருந்தும்.

ஒப்பனைப் பழக்கமில்லாத பெண்ணுக்கு இரு முன்னேற்பாடுகள் இன்றியமையாதன. முதலாவது, புதிய பொருளை முன்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறிது தடவி, ஓரிரு நாள்கள் ஒவ்வாமை தோன்றுகின்றதா எனப் பார்த்தலாகும். மணநாளுக்கு முந்தைய வாரத்தில் புதிய முகச் சிகிச்சையைத் தவிர்த்தல் நன்று. இரண்டாவது, முன்னொத்திகை. மணநாளுக்குமுன் ஒருமுறை முழு ஒப்பனையோடு சில மணிநேரம் இருந்து பார்க்கும்போது, அவள் தன் முகத்தைத் தன்முகமாக அறிகின்றாளா என்பது தெரிந்துவிடும். ஞாயிற்றொளித் தடுப்புக் களிம்புகளிலுள்ள துத்தநாக, டைட்டானிய ஆக்சைடுகள் மின்னொளிப் படத்தில் முகத்தை வெளிறக் காட்டக்கூடும். இவ்வெளிறலை இக்காலப் பசலை எனலாம். ஆதலின் ஒத்திகையின்போதே மின்னொளியில் படமெடுத்துப் பார்த்தல் பயன்தரும்.

வேள்விப்புகை, கண்ணீர், வியர்வை ஆகிய மூன்றும் தமிழ் மணமேடையில் தவிர்க்கவியலாதன. நீரில் கரையாத மையும், தேய்க்காது ஒற்றி எடுக்கும் மெல்லிய துணியும் இவற்றிற்குத் தீர்வாகும். வியர்வையைச் சுற்றத்தார் ஆற்றியதை அகநானூறு சொல்வது இங்கு நினைவிற்கு வரும். ஒட்டும் பொட்டின் பசையிலுள்ள சில வேதிப்பொருள்களால் நெற்றியில் வெண்புள்ளி தோன்றுவதைத் தோல் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். நல்ல குங்குமம் இவ்வகையிலும் மேலானது.

முடிவுரை

தமிழ் மரபில் மணமகள் புனைவற்றவளாகவும் இல்லை. முகம் மறைந்தவளாகவும் இல்லை. சங்கப் பாடல்கள் நீராடிய முகத்தையும் மாமை நிறத்தையும் போற்றின. சிலப்பதிகாரம் புனையாமை அன்பின் சொல்லாகவும் துயரின் கோலமாகவும் அமையக்கூடும் என உணர்த்திற்று. மைசூரு சந்தனத்தைக் கண்ணுக்குத் தெரியாத மணமாக்கித் தந்தது. திரைவிளக்கும் நிறவணிகமும் இடையில் புகுத்திய அடர்பூச்சு அண்மைக்காலத்ததே.

ஆகவே, இயற்கை ஒப்பனையை விரும்பும் மணமகள் மரபை மீறுகின்றாள் எனக் கூறுதல் பொருந்தாது. மரபின் பழைய அடுக்கொன்றையே அவள் மீட்டெடுக்கின்றாள். எனினும் ‘இயற்கை’ என்னும் பெயரில் மீண்டும் வெளிறிய நிறமே விற்கப்படுமாயின் அப்பெயரால் பயனில்லை. மணமேடையில் அமர்ந்த பெண்ணை அவளுடைய தாய் தொலைவிலிருந்தே தன் மகளென அடையாளம் காண்பதே நல்ல ஒப்பனைக்கு அளவுகோலாகும்.